இரண்டாம் பதிப்பில் இல்லாத அத்தியாயம்

கிட்ட வாங்க கண்ணுங்களா. காற்று அடிக்கிற பக்கம் உட்கார வேண்டாம், இப்படி அடுப்போரமாய் வாங்க. கையில் வேலை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், காதை மட்டும் என்னிடம் கொடுங்கள். ஒரு புத்தகத்தின் கதை சொல்லப்போகிறேன். புத்தகத்துக்குள் இருக்கிற கதையல்ல, அது உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மாக்கள் அதைப் படித்து மூக்கைச் சிந்தியிருப்பார்கள். அது அச்சான கதையை நான் சொல்கிறேன். அதன் தாள்களை மடித்துத் தைத்தது இந்தக் கைதான்.

‘அர்கிரோவின் கண்ணீர்’ என்று அதற்குப் பெயர். முதல் பக்கத்தில் எழுதியவரின் பெயர் இருக்காது. ‘எர்மூப்போலி நகரத்துப் பெண்மணி ஒருவர்’ என்று, நம் சீராத் தீவின் இந்தத் துறைமுக ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கும். அந்தப் பெண்மணி ஸ்மரக்தா கரவாஸ். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தாள். ஒல்லியாய், நேராய், வருஷம் பூராவும் ஒரே கறுப்புச் சால்வையில் வருவாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. எனக்கு இருபத்திரண்டு. துறைமுகத்துக்கு மேலே இரண்டாவது தெருவில் இருந்த பந்தெலிஸ் அண்ணனின் அச்சுக்கூடத்தில் நான் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் பிரதியை அவள் தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். பந்தெலிஸ் அண்ணன் ஒரு வாரம் வைத்துப் படித்தார். அவள் திரும்பி வந்த அன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சரம்மா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா உங்க கதையில சாகாம மிச்சம் இருக்கறது அந்த ஆடு ஒண்ணுதான்."

"ஆடும் கிழடுதான் ஐயா," என்றாள் அவள்.

கதை இதுதான். அர்கிரோ என்று ஓர் அக்காள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்க்கிறாள். தம்பி கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் ஜன்னலோரம் காத்திருந்து காத்திருந்து அங்கேயே உயிரை விடுகிறாள். முதலில் அவள் எழுதிக்கொண்டுவந்த முடிவு அதுதான்.

அதில் பாதி அவளுடைய சொந்தக் கதை என்று ஊருக்கே தெரியும். துருக்கியர் படுகொலையின்போது கியோஸ் தீவிலிருந்து தப்பிவந்த குடும்பம் அவளுடையது. அம்மா செத்தபோது தம்பி லூக்கிஸுக்கு ஏழு வயது. தைத்துத் தைத்தே அவனை ஆளாக்கினாள். கப்பல் பாய் தைக்கிற தொழிலுக்கு விட்டாள். இருபத்திரண்டு வயதில் அவன் மேல் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டுவேன் என்று வந்து நின்றான். பியெரீனா என்று பெயர். மேல் ஊர் என்றால் கத்தோலிக்கர்கள். நாங்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர்கள் கீழே, அவர்கள் மேலே. காய்கறி வாங்குவோம், வணக்கம் சொல்லுவோம், அதோடு சரி. கல்யாணம் அவர்கள் கோயிலில் நடந்தது. அன்று மத்தியானம் லூக்கிஸ் வந்து அக்காள் வீட்டுக் கதவைத் தட்டினான். மூன்று தரம் தட்டினான். "அக்கா, ஒரே ஒரு வார்த்தை" என்றான். அவள் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திறக்கவில்லை. மறுநாள் அவனும் அந்தப் பெண்ணும் கப்பலேறினார்கள். எந்தத் துறைமுகம் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாய் ஒரு சேதியும் இல்லை.

இப்போது எங்கள் அச்சுக்கூடத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு புத்தகம் போடுவதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு அடித்து, நம் ஆட்கள் இருக்கிற துறைமுகம் எல்லாவற்றுக்கும் அனுப்புவோம். அலெக்ஸாந்திரியா, திரியெஸ்தே, ஒதெஸா, பிரைலா. அங்கே யாராவது ஒரு மளிகைக்கடைக்காரரோ காபிக்கடைக்காரரோ புத்தகம் வேண்டும் என்பவர்களின் பெயர்களை எழுதி அனுப்புவார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பெயர்களை எல்லாம் ஊர் ஊராய் அச்சடிப்போம். பெயர், பூர்வீகம், தொழில், எல்லாம் வரும். படிக்கத் தெரியாதவன்கூடத் தன் பெயர் அச்சில் வரும் என்பதற்காகப் பெயர் கொடுப்பான். புத்தகம் வெளிவருவதற்குள் யாராவது செத்துப்போனால், அவர் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை போடுவோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்மரக்தா ஏன் புத்தகம் எழுதினாள் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். தம்பிக்குக் கடிதம் போட அவளிடம் முகவரி இல்லை. அதனால் எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே சமயத்தில் ஒரு கடிதம் போட்டாள். எங்காவது ஒரு பட்டியலில் அவன் பெயர் வராதா என்று இருந்தாள். இதை அவள் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் வருகிற அன்றெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு நேரே எங்களிடம் வந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போவாள். கடைசிப் பெயருக்கு வந்ததும் விரலை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொள்வாள்.

"யாரைத் தேடுறீங்க டீச்சரம்மா? மாப்பிள்ளையா?" என்று பந்தெலிஸ் அண்ணன் ஒருநாள் கிண்டல் செய்தார்.

"எழுத்துப் பிழை பார்க்கிறேன் ஐயா. உங்க அச்சுக்கூடத்துப் பெருமை தெரிஞ்சதுதானே."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

அலெக்ஸாந்திரியா பட்டியல் வந்தது. இல்லை. ஒதெஸா வந்தது. அதிலும் இல்லை. புரட்டாசி மாதம் போல, தன்யூப் ஆற்றங்கரை பிரைலாவிலிருந்து கோஸ்மாஸ் என்கிற மளிகைக்கடைக்காரர் எழுதி அனுப்பிய பட்டியல் வந்தது. ஒரே ஒரு தாள், இருபத்துமூன்று பெயர். நான் நூலுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் விரல் பாதித் தாளில் நின்றுபோனதைப் பார்த்தேன்.

"கலியோ," என்று என்னைக் கூப்பிட்டாள். "உன் கண்ணு சின்ன வயசுக் கண்ணு. இதக் கொஞ்சம் படி."

படித்தேன். ‘லூக்கிஸ் கரவாஸ், கியோஸ் குடியினர், கப்பல் பாய் தைப்பவர்.’

"இன்னொரு தரம் படி."

படித்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவெல்லாம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே போனவள், ஒரு பெட்டி நிறைய லுகுமி மிட்டாய் வாங்கிவந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். அச்சு இயந்திரத்தின் மேலும் ஒன்றை வைத்தாள்.

"இது எதுக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"அதுதானே என் தம்பியக் கண்டுபிடிச்சுது. அதுக்கும் வாய் இனிக்கட்டும்."

அன்றைக்கே தம்பிக்குக் கடிதம் எழுதினாள். கோஸ்மாஸ் கடை விலாசத்துக்கு அனுப்பினாள். அதில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாரத்தில் பந்தெலிஸ் அண்ணனிடம் வந்து, கடைசி அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்று கேட்டாள்.

"எழுத்துக் கோத்தாச்சே டீச்சரம்மா. உங்க அர்கிரோ நேத்துதான் செத்தா. பெட்டியிலகூட வச்சாச்சு."

"எழுப்பி விடுங்க."

புது அத்தியாயத்தில் அர்கிரோ சாகவில்லை. தம்பி வருகிறான். கதவைத் தட்டுகிறான். அவள் ஓடிப்போய்த் திறக்கிறாள். எட்டுப் பக்கம், கண்ணுங்களா. வேறொன்றும் நடக்காது அதில். ஒருத்தி நாற்காலியிலிருந்து எழுந்து கதவுவரை நடக்கிறாள், தாழ்ப்பாளை எடுக்கிறாள், "சாப்டியாடா?" என்று கேட்கிறாள், அவ்வளவுதான். பந்தெலிஸ் அண்ணன் பிழை திருத்தப் படித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மை பட்டுவிட்டது என்றார்.

புத்தகம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல. துணி துவைக்கிற இடத்தில் ஒருத்தி படிக்க இருபது பேர் கேட்டார்கள். தோல் பதனிடுகிற பட்டறையில் ஆண்பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பிறந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அர்கிரோ என்று பெயர். மீன் விற்கிற காத்தீங்கோ நடுத்தெருவில் ஸ்மரக்தாவை மறித்துக்கொண்டு, "அந்தப் பொண்ண மட்டும் நீங்க சாக விட்டிருந்தா, உங்க வாசல்ல வந்து கூடையோட கவுத்திருப்பேன்" என்றாள். எழுதியவர் யார் என்பதெல்லாம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஏதென்ஸிலிருந்து வருகிற ஒரு செய்தித்தாளில் மட்டும் ஒருவர் எழுதியிருந்தார்: ‘இப்புத்தகத்தோடு நான்கு கைக்குட்டைகளையும் சேர்த்துத் தராதது பதிப்பாளரின் கருமித்தனம். கடைசி அத்தியாயத்தில் ஒரு பெண் கதவைத் திறக்க எட்டுப் பக்கம் எடுத்துக்கொள்கிறாள். கதவு துருப்பிடித்திருக்க வேண்டும்.’

பந்தெலிஸ் அண்ணன் கொதித்தார். ஸ்மரக்தா அதை நிதானமாய்ப் படித்தாள். "இவர் சொல்றது சரிதான். பதினெட்டு வருஷம் ஆச்சுல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவளுக்கு இந்தப் புகழ், ஏச்சு எதுவும் பொருட்டாய் இல்லை. பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். இரண்டு பேர் படுக்கிற மெத்தைக்குப் புதுப் பஞ்சு அடைத்தாள். இரண்டு பேர் என்று கவனித்தீர்களா. பிரைலா பக்கமிருந்து கப்பல் வருகிற நாளில் துறைமுகத்துக்குப் போய் நிற்பாள். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். எல்லோரும் இறங்கி முடிந்து, சரக்கு இறக்க ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போவாள். பிறகு தன்யூப் ஆறு உறைந்துபோய்விட்டது. தை, மாசி முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. "பனி இல்லையா? பனி உருகட்டும்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் தானாகவே சொல்லிக்கொண்டு போனாள்.

பனி உருகியது. கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்து விலாசம் அவள் கொடுக்கவில்லை போலிருக்கிறது, அச்சுக்கூடத்துக்குத்தான் வந்தது. உறையில் கோஸ்மாஸின் கையெழுத்து. அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். பிறகு மடித்து மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஊசியக் குடு கலியோ."

அன்று பொழுது சாய்கிறவரை என்னோடு உட்கார்ந்து ஒரு பாதிரியாரின் பிரசங்கப் புத்தகத்தைத் தைத்தாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை. போகும்போது, "நீயும் படிச்சுக்கோ. எனக்கு வாயால சொல்ல வரல" என்றாள். படித்தேன். இன்றைக்கும் வரி வரியாய்ச் சொல்வேன்.

‘அக்கா, உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. அவர் அக்கான்னுதான் சொல்லுவார், நானும் அப்படியே சொல்றேன். நான் பியெரீனா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கோஸ்மாஸ் அண்ணன் எழுதறார். உங்க கடிதத்தை அவர்தான் படிச்சுக் காட்டினார். பதில் சொல்ல மனசு துணிய இத்தன நாள் ஆச்சு. உங்க தம்பி போய் நாலு வருஷம் ஆச்சு. ஆத்துக் காய்ச்சல். எங்க கல்யாணம் எங்க கோயில்ல நடந்ததால, உங்க சாமியார் செத்தவங்க பேரு வாசிக்கும்போது அவர் பேரை வாசிக்க மாட்டேன்னுட்டார். அவர் கடைசிவரைக்கும் உங்க வழிய விடல, அதனால எங்க சாமியாரும் மாட்டேன்னுட்டார். ரெண்டு கோயில் வாசல்லயும் நின்னு பார்த்துட்டேன் அக்கா. போன வருஷம் கோஸ்மாஸ் அண்ணன், சீராத் தீவுல ஒரு புத்தகம் போடறாங்க, பேர் குடுத்தா அச்சுல வரும்னார். உள்ள என்ன கதைன்னு நான் கேக்கல. யார் எழுதினாங்கன்னும் தெரியாது. அவர் பேராவது ஊர் போய்ச் சேரட்டும்னு குடுத்தேன். செத்தவர்னு சொல்லணும்னு எனக்குத் தெரியாது. கோஸ்மாஸ் அண்ணனும் எழுதல. மன்னிச்சுக்கோங்க. புத்தகம் வந்துது. அந்த ஒரு வரி எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தாங்க. இப்ப எனக்கு அந்த ஒரு வரி மட்டும் படிக்கத் தெரியும். அவர் உங்களைப் பத்தி நிறையப் பேசுவார். கதவைப் பத்திப் பேசினதில்ல.’

செத்தவர்களின் பெயரில் புத்தகத்துக்குப் பெயர் கொடுப்பது எங்களில் உண்டு. ஆனால் கொடுக்கிறவர் சொல்லிவிடுவார், நாங்கள் சிலுவை போட்டுவிடுவோம். பியெரீனா மேல் ஊர்க்காரி. அவர்களிடம் இந்த வழக்கம் இல்லை, அவளுக்குத் தெரியாது. கோஸ்மாஸுக்கு லூக்கிஸ் செத்தது தெரியும்தான். ஆனால் அது பிரைலா முழுவதற்கும் தெரிந்த விஷயம், அதை எதற்குத் தனியாக எழுத வேண்டும் என்று விட்டுவிட்டார்.

ஸ்மரக்தா பதில் எழுதினாள். அறை தயாராய் இருக்கிறது, நீ வந்துவிடு என்று. ஒரு மாதம் கழித்து பியெரீனாவின் பதில் வந்தது. ‘அவரை இங்க தனியா விட்டுட்டு வர மனசு வரல அக்கா. ஏற்கனவே யாரும் கூப்பிடாத பேரு.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அந்தக் கோடைக்குள் முதல் பதிப்பு தீர்ந்துபோனது. ஸ்மீர்னாவில் யாரோ கேட்காமல் கொள்ளாமல் அடித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பந்தெலிஸ் அண்ணன் அவசர அவசரமாய் இரண்டாம் பதிப்புக்கு எழுத்துக் கோத்தார். அந்த வருஷம் திரியெஸ்தேயிலிருந்து காகிதம் சரியாய் வரவில்லை. இருக்கிற தாளை எண்ணிப் பார்த்தால் புத்தகத்தில் எட்டுப் பக்கம் குறைத்தாக வேண்டும். அதில் ஒரு கஷ்டமும் இல்லை என்றார் அவர். இரண்டாம் பதிப்பில் யாரும் பெயர்ப் பட்டியலைப் போடுவதில்லை. பட்டியல் சரியாய் எட்டுப் பக்கம்.

சொல்ல வேண்டுமே என்று ஸ்மரக்தாவிடம் சொன்னார்.

"பட்டியல் இருக்கட்டும் ஐயா," என்றாள்.

"டீச்சரம்மா, எல்லாரும் புத்தகம் வாங்கிட்டாங்க, பேரையும் பார்த்துட்டாங்க. ரெண்டாவது தரம் வாங்கறவனுக்கு ஒதெஸாவுல எவன் மாவு விக்கறான்னு என்ன அக்கறை?"

"கடைசி அத்தியாயத்த எடுத்துடுங்க. அதுவும் எட்டுப் பக்கம்தான்."

அவர் கையில் வைத்திருந்த எழுத்துப் பெட்டியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? அந்த அத்தியாயத்துக்காகத்தானே ஜனங்க வாங்கறாங்க. கதவு திறக்காம புத்தகத்த முடிச்சா என்னைத் துறைமுகத்துல தள்ளி விட்டுடுவாங்க."

"அந்தக் கதவு திறக்கல ஐயா."

"கதைதானேம்மா."

"கதைதான். அவன் இருக்கான்னு நெனச்சு எழுதினது. இல்லேன்னு தெரிஞ்சப்புறமும் அதையே அடிச்சு ஊரெல்லாம் அனுப்பினா, எனக்கே நான் திறந்த மாதிரி ஆயிடும். ரெண்டு வருஷம் போனா நானே நம்பிடுவேன்." சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "ரெண்டு கோயில்லயும் அவன் பேர் இல்ல. இங்க ஒரு இடத்துலதான் இருக்கு. இங்கயும் எடுத்துட்டா எங்க போவான்?"

பந்தெலிஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வியாபாரி, கண்ணுங்களா. மூன்று நாள் மல்லுக்கு நின்றார். எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தார், ஓரத்தைக் குறைத்துப் பார்த்தார். இரண்டையும் சேர்த்து அடங்கவில்லை. கடைசியில், "உங்க புத்தகம், உங்க வீடு" என்று விட்டுக்கொடுத்தார்.

"பிரைலா பட்டியல்ல, பதிமூணாவது பேருக்கு முன்னாடி," என்றாள் அவள். "சிலுவை போட்டுடுங்க. கீழ இன்னொரு பேர் சேர்க்கணும். பியெரீனா, அவன் மனைவி. சீரா மேல் ஊர்."

"கத்தோலிக்கப் பொண்ணு பேரா? நம்ம பட்டியல்லயா? ஊர்ல பேசுவாங்க."

"பேசட்டும். அவ பேரையும் நாலு பேர் வாயால சொல்லட்டும்."

சிலுவைக்கான எழுத்தை அவரே கோத்தார். அந்தத் தாளை நான் மடிக்கும்போது மை இன்னும் காயவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு வந்த வசவைக் கேட்க வேண்டுமே. அர்கிரோ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், அடுத்த பக்கம் திருப்பினால் ‘அலெக்ஸாந்திரியா’ என்று பெயர்ப் பட்டியல். அச்சுக்கூடத்தில் பக்கத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். காத்தீங்கோ கூடையோடுதான் வந்தாள். ஏதென்ஸ்காரர், ‘ஆசிரியைக்குக் கதை முடிக்கத் தெரியவில்லை என்பது இப்போது உறுதியாகிறது’ என்று எழுதினார். பிறகு ஜனங்களே ஒரு வேலை செய்தார்கள். முதல் பதிப்பு வைத்திருக்கிறவர்களிடம் இரவல் வாங்கி, அந்த எட்டுப் பக்கத்தையும் கையால் எழுதி என்னிடம் கொண்டுவந்து, சேர்த்துத் தைத்துத் தரச் சொன்னார்கள். முப்பது நாற்பது புத்தகம் தைத்திருப்பேன். ஒருத்தி எழுதியதில் தம்பி உள்ளே வந்து உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவான். அது அவளே சேர்த்தது.

ஸ்மரக்தாவுக்கு இது தெரியும். நான் தைத்துக்கொண்டிருக்கும்போதே வந்திருக்கிறாள். ஒரு தரம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். சின்னப் பெண் கையெழுத்து, எழுத்தெல்லாம் மேலும் கீழுமாய் இருந்தது. "இவ திறக்கறா," என்று சொல்லி எடுத்த இடத்தில் வைத்தாள். தடுக்கவில்லை. அதற்குப்பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை.

வசந்தத்துக்கு முன்னால், செத்தவர்களுக்கென்று ஒரு சனிக்கிழமை வரும். ஊரே கோதுமை வேகவைத்து மாதுளை தூவிக் கோயிலுக்கு எடுத்துப்போகும், சாமியார் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார். அந்த வருஷம் அவளைக் கோயிலில் காணோம் என்று பாதி வழிபாட்டில் எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. மேஜையில் கோதுமைத் தட்டு இருந்தது, இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. அவள் முன்னால் இரண்டாம் பதிப்பு. பிரைலா பட்டியலைச் சத்தமாய் வாசித்துக்கொண்டிருந்தாள். முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். மாவு வியாபாரி, படகோட்டி, ரொட்டி சுடுகிறவர், ஒவ்வொருவராய், பூர்வீகம் தொழில் எல்லாம் சொல்லி, அவசரமே இல்லாமல். பதிமூன்றாவது பெயருக்கு வந்தபோதும் குரல் மாறவில்லை. அதைத் தாண்டி, பியெரீனாவையும் சொல்லி, கடைசிப் பெயர்வரைக்கும் வாசித்தாள்.

உள்ளே போய், "எல்லாப் பேரையும் எதுக்கு அக்கா? அவங்கள்ல முக்காவாசிப் பேர் உயிரோட இருக்காங்களே" என்றேன்.

"அவன் பேர மட்டும் வாசிச்சா தனியா நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். "கூட ஆள் இருக்கட்டும்."

பிறகு புத்தகத்தை மூடி, தட்டை என் பக்கம் தள்ளினாள். இரண்டு கரண்டி சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள். அவள் இருந்தவரை வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை அவள் கோயிலுக்கு வந்ததில்லை.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்திருங்கள், உங்கள் வீட்டில் தேடுவார்கள். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாரும் ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுகிற நாள் வராமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் இருட்டுவதற்கு முன்னால் திரும்பி வரட்டும். உங்கள் பிள்ளைகளின் பெயர்கள் நீண்ட காலம் வாயால் கூப்பிடுகிற பெயர்களாகவே இருக்கட்டும்.